அது பறவைதான்

விளக்கேற்றும் வேளையில் கொல்லைக் குளத்தின் பக்கமிருந்து ஒரு பறவை கத்தியது. அதில் பயப்பட ஒன்றுமில்லை. பவானிபூரின் அந்தச் சந்தில் வீட்டுக்கு வீடு குளம், குளத்துக்குக் குளம் கோரைப்புல். ஆனாலும் காபி டம்ளரை வாயருகே கொண்டுபோன வைத்தீஸ்வரனின் கை பாதியில் நின்றுவிட்டது.

“ஏன்னா, அது என்ன சத்தம்?” என்று சமையலறையிலிருந்து ஜகதாம்பாள் கேட்டாள்.

“டாஹுக். நம்மூர்க் கானாங்கோழி. பறவைதான்.”

பறவை விஷயத்தில் கணவர் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. துரைகளின் கம்பெனியில் அவர் தலைமை குமாஸ்தா. நாடகக் கொட்டகையில் துரைசானிகள் வைத்துக்கொள்ளும் சின்னத் தூரக்கண்ணாடி ஒன்றை ஏலத்தில் எடுத்து, ஞாயிறுதோறும் குளங்குளமாக அலைபவர். ஆபீசில் அவருக்குப் ‘பட்சி ஐயர்’ என்றே பெயர்.

மாடி வராந்தாவிலிருந்து வீட்டுக்காரர் கோஷால் பாபு எட்டிப் பார்த்தார். “என்ன மொஷாய், குளிர்காலத்தில் டாஹுக்கா? அது மழைக்காலத்துப் பறவை. பௌஷ மாதத்தில் அதற்குத் தொண்டையே திறக்காதே!” என்று வங்காளியில் சொல்லிச் சிரித்தார்.

வைத்தீஸ்வரனும் சிரித்துவைத்தார். காபி ஆறிப்போயிருந்தது.

அது குளிர்காலத்தில் கத்தாது என்று அவருக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமையன்றும் அது தெரிந்துதான் இருந்தது.

அன்று ஆபீஸ் நண்பர்கள் நாலைந்து பேரோடு ரயிலேறி சாந்த்ராகாச்சிச் சதுப்புக்குப் போயிருந்தார்கள். ஜகதாவின் தம்பி மஹாதேவனும் கூட வந்தான். தாயில்லாப் பிள்ளை, அக்கா வளர்த்தவன். மீசை முளைத்து வேலைக்கு வந்த பிறகும் கால் இடறினால் ‘அம்மா’ என்று வராது அவன் வாயில், ‘அக்கா’ என்றுதான் வரும். காலைப்பொழுது அமோகமாக இருந்தது. கிளுவை வாத்துகள் கூட்டமாக எழும்பி வானத்தை மறைத்தன. புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தபடி எல்லோரும் பட்சி ஐயரைப் புகழ்ந்தார்கள். அந்தக் குஷி தீராமல், பொழுது சாயும் நேரத்தில் அவர் தொலைவில் நாணலுக்கு நடுவே கறுப்பாகத் தெரிந்த ஒன்றைக் காட்டி, இமயமலைக்கு அப்பாலிருந்து வந்த அபூர்வ வாத்து என்று விளக்க ஆரம்பித்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூரக்கண்ணாடியைக் கைமாற்றிப் பார்த்தார்கள். கடைசியாக வாங்கிய மஹாதேவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“அத்திம்பேர்! அது பானை! மீன்காரன் மூங்கில்ல கவுத்து வெச்ச பானை!”

மானம் கப்பலேறியது. சிரிக்காத ஆள் இல்லை. “அவ்வளவு நிச்சயமா? போய் எடுத்துண்டு வா, பார்க்கலாம்” என்றார் வைத்தீஸ்வரன். சேறு எத்தனை ஆழம் என்று அவருக்குத் தெரியாது; விசாரிக்கவும் தோன்றவில்லை. அவன் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தபடியே இறங்கினான்.

அப்புறம் பனி மூடியது. ரயிலுக்கு நேரமாயிற்று. வெள்ளைப் புகைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது: க்கா… க்கா…

“மனுஷக் குரல் மாதிரின்னா இருக்கு?” என்றார் கூட வந்த ராகவேந்திரன்.

“டாஹுக். பறவைதான். அவன் கரையோரமா ஸ்டேஷனுக்குப் போயிருப்பான். வாங்கோ.”

அது யார் குரல் என்று அவருக்குப் புரியாமலில்லை. ரயிலைத் தவறவிடட்டும், இருட்டில் தனியாக நடந்து வரட்டும், கொஞ்சம் கொழுப்பு அடங்கும் என்றுதான் நினைத்தார். அவ்வளவுதான் நினைத்தார். அந்த ‘அவ்வளவுதான்’ இப்போது அவர் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

மறுநாள் செம்படவர்கள் படகு விட்டுத் தேடினார்கள். ஆள் கிடைக்கவில்லை. மூங்கில் மட்டும் நின்றது. அதன்மேல் பானையைக் காணோம். ஜகதா இன்னும் ராத்திரி அவனுக்கொரு தட்டு போட்டு வைக்கிறாள். “ஒரு குரல்கூடக் கேக்கலையான்னா?” என்று அவள் கேட்டபோது, இல்லை என்று சொல்லிவிட்டார். சொன்ன நாளிலிருந்து அவரால் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அடுத்த நாள் சாயங்காலமும் அது கத்தியது. வீடுகளில் அடுப்பு மூட்டிய கரிப்புகை பனியோடு கலந்து, சந்து முழுக்கத் தாழ்வாகப் படிந்து, கண்ணைக் கரித்தது. எங்கோ சங்கு ஊதினார்கள். சங்கு ஓய்ந்ததும், அதற்காகவே காத்திருந்ததுபோல், குளத்தின் இந்தக் கரையிலிருந்து, முன்னைவிடக் கிட்டத்தில் கேட்டது.

“இன்னிக்கும் அந்த டாஹுக்தானே?” என்றாள் ஜகதா.

“ஆமாம்” என்றார். ஒரே ஒரு தடவை அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும். வெள்ளை மார்பும் மேலே தூக்கிய குட்டை வாலுமாக ஒரு பறவை. பருவம் தப்பிக் கத்தும் பறவை ஒன்று இங்கே இருக்குமானால், அங்கேயும் இருந்திருக்கலாம். அப்படியானால் அவர் பொய் சொல்லவில்லை. அப்படியானால் அவர் கொலைகாரர் இல்லை.

தூரக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்தார்.

படித்துறை பாசி பிடித்து வழுக்கியது. அழுகிய தாமரைத் தண்டின் வாடை. அதற்கடியில் வேறொரு வாடையும் இருந்தது, சாந்த்ராகாச்சிச் சேற்றின் வாடை, ரயிலில் வீடு வரும்வரை அவர் செருப்பை விட்டுப் போகாத வாடை. கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். கோரை. புகை. கறுத்த தண்ணீர். நடுவே உருண்டையாக, கறுப்பாக, ஏதோ மிதந்தது.

பானை.

கவிழ்த்த பானை. யாரோ கழுவும்போது நழுவவிட்டது. அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது. இன்னும் சரியாகப் பார்க்க ஒரு படி இறங்கினார். மறுபடி ஒரு படி.

அடுத்த படி இல்லை.

சேறு முழங்கால்வரை வாங்கியது. காலை இழுத்தார். இடுப்புவரை வாங்கியது. தூரக்கண்ணாடி எங்கோ விழுந்தது. குளிரில் மார்பு இறுகியது, மூச்சு வெளியே வரவில்லை. வீட்டைப் பார்த்தார். எவ்வளவு பக்கம்! சமையலறை ஜன்னலில் விளக்கு. விளக்கருகே ஜகதா.

“ஜகதா!” என்று கத்தினார். பாதிப் பேர் தொண்டையிலேயே நின்றது. மீதி உருக்குலைந்து வேறு சத்தமாக வெளியே வந்தது.

க்கா… க்கா…

ஜகதா தலையைத் தூக்கினாள். வெளியே பார்த்தாள். அவர் நின்ற இடத்தையேதான் பார்த்தாள். வெளிச்சத்திலிருந்து புகைக்குள் பார்க்கும் கண்ணுக்கு என்ன தெரியும்?

“என்னம்மா, ஏதோ சத்தம்?” என்றது மாடியிலிருந்து கோஷால் பாபுவின் குரல்.

“ஒண்ணுமில்லை பாபு” என்று அவள் தனக்குத் தெரிந்த வங்காளியில் சொன்னாள். “டாஹுக். பறவைதான். எங்காத்துல அவர் சொன்னார்.”

பனி உள்ளே வராமலிருக்க ஜன்னலைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் குளம்வரை கேட்டது.

இருட்டு. மார்புவரை சேறு.

காற்றே இல்லை. ஆனாலும் பானை நகர்ந்தது. அவரை நோக்கி வந்தது. கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. மெல்ல அண்ணாந்தது. அதற்கு அடியில் ஒரு முகம் இருந்தது. வாயில் சேறு அடைத்திருந்தது.

“அத்திம்பேர்,” என்றான் மஹாதேவன், “எடுத்துண்டு வந்துட்டேன்.”