பன்னிரண்டாவது வரைபடம்

யாரும் வரைபடத்தில் தாழ்ப்பாள் வரைவதில்லை. ரொட்டிக்கடையை வரைவார்கள், மாடிப்படியை வரைவார்கள். ஹாகா பேட்டையில் இடித்துத் தள்ளிய பழைய முற்றத்தையும் அதன் மூலையில் நின்ற சலவைக் கொட்டகையையும் அங்கே குடியிருந்தவர்கள் ஞாபகத்திலிருந்து கிறுக்கித் தருவார்கள். கண்காட்சிக்காக நூலக நிலவறைச் சுவரில் அவற்றை மாட்டிக்கொண்டிருந்த டோர்போர்க், நாலாவதில்தான் கவனித்தாள். கொட்டகைக் கதவுக்கு வெளியே, தாழ்ப்பாள் மாதிரி குறுக்காக ஒரு கோடு. வந்திருந்த பதினொரு வரைபடங்களிலும் அது இருந்தது.

எழுபத்தோரு வயது முட்டி ஏணியிலிருந்து இறங்கும்போது முனகியது. கடைசி வரைபடத்தைக் கொண்டுவந்த யெர்டா, அந்தக் காலத்து மேல்வீட்டுக்காரி, ஆறிய காப்பியை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கோடு எதுக்குடி?"

"நான் எங்கடி போட்டேன்? வீடே கோணலா வந்திருக்குன்னு பேரன் சிரிக்கிறான்." யெர்டாவின் குரல் இறங்கியது. "உன் தம்பி அதுக்குள்ளதானே... பாவம். பாழாப்போன காத்து, தாழ்ப்பாள் தானா விழுந்துடுச்சு. ஆமா, ஊரையே விரட்டி விரட்டி வாங்கினியே, உன்னோடது எங்க?"

"இன்னிக்கு வரைஞ்சிடறேன்."

யெர்டா போய்விட்டாள். மணி நாலுதான், அதற்குள் நவம்பர் இருட்டு ஜன்னலை மூடியிருந்தது.

தாழ்ப்பாளைப் போட்டது காற்று அல்ல. எட்டு வயது டோர்போர்க்தான். வால் மாதிரி ஒட்டிக்கொண்டே வந்த ஐந்து வயது ஸ்டெல்லனை உள்ளே தள்ளி, "பத்து நிமிஷம்தான்டா" என்று தாழிட்டுவிட்டு உறைந்த ஏரியில் சறுக்கப் போனாள். மறந்தும் போனாள். ராத்திரி எல்லோரும் கால்வாய்க்கரையில் அவனைத் தேடியபோது ஞாபகம் வந்தது. அடி விழுமே என்று வாய் திறக்கவில்லை. காலையில் சலவைக்கு வந்தவர்கள் அவனை விறைத்துக் கிடக்கக் கண்டார்கள். அறுபத்துமூன்று வருடமாக அவள் வாய் திறக்கவில்லை.

பென்சிலை எடுத்தாள். முற்றம், கிணறு, கொட்டகை, கதவு. அந்த ஒரு கோட்டைப் போட்டால் போதும், கேட்பவர்களுக்குச் சொல்லிவிடலாம். கை கதவருகே நின்றது. இனிமேல் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது? அலுப்பாக இருந்தது. கோடு போடாமலே பெயரெழுதி, பன்னிரண்டாவதாக மாட்டினாள்.

ஈர மரத்தின் வாடை வந்தது. அதோடு பழைய காரச் சோப்பின் வாடை. மூச்சு புகையாக வெளியேறியது.

முதல் வரைபடத்தைப் பார்த்தாள். கோடு இல்லை.

இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் இல்லை.

பதினொன்றிலும் இல்லை.

அவளுடையதில் இருந்தது. அழுத்திப் போட்ட கோடு. பென்சில் தூள் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.

பின்னால் நிலவறைக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. அந்தக் கதவுக்கு வெளியே தாழ்ப்பாளே கிடையாது. ஆனால் இரும்பு மரத்தில் உரசும் சத்தம் கேட்டது. நிதானமாக. கடைசிவரை.

அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து, பல் கிட்டிப்போன சின்னக் குரல்.

"பத்து நிமிஷம்தான், அக்கா."