எடைவாங்கி

மிருதுளா இழுவண்டியை மெல்லப் பின்னுக்கு நகர்த்தினாள். வண்டியின் பின்தளத்தில், பின்சக்கர அச்சுக்கு நேர் மேலே, கிரீஸ் பூசிய இரும்புத் தட்டு ஒன்று வாயைப் பிளந்து கிடந்தது. பின்னால் இழுத்துப்போகும் சக்கர வீடான இழுவீட்டின் கழுத்திலிருந்து தொங்கிய கிங்பின் என்ற இரும்பு முளை அந்த வாய்க்குள் போய் டக்கென்று பூட்டிக்கொண்டது.

சத்தத்தை மட்டும் நம்புகிறவள் இல்லை அவள். இறங்கிப் போய் டார்ச் அடித்து, தட்டின் பற்கள் பின்னைச் சுற்றி முழுக்க மூடியிருக்கிறதா என்று பார்த்தாள். கழுத்து கழன்றுபோனால் இழுவீட்டின் பிரேக்கைத் தானே பிடிக்கவைக்கும் மெல்லிய கம்பியை மாட்டினாள். பிறகு ஏறி, இழுவீட்டின் பிரேக்கை மட்டும் பிடித்துவைத்து வண்டியை முன்னால் ஒரு இழு இழுத்தாள். பூட்டு அசையவில்லை.

"இத்தனையும் எதுக்கு மிரு? அதுதான் திரையிலயே பச்சை காட்டுதே" என்றான் கதிர். அவள் கணவன். வீட்டின் பின்பக்கக் கூடத்தில் கடைசி இயந்திரத்தைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான்.

"பச்சை காட்டறது இருக்கட்டுங்க. இன்னும் என்னத்த உள்ள ஏத்தறீங்க?"

"எஸ்டேட்டுக்காரரு சும்மா குடுத்தாரு மிரு. அந்தக் காலத்து டீசல் பம்ப்செட்டு. இதை வுட்டுட்டு வர மனசு வருமா?"

இருவரும் கோயம்புத்தூர்ப் பக்கம். மலைத்தடங்களில் பைக் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். கோடையில் நெல்லிமலை, மழைக்காலத்தில் சமவெளி. இழுவீட்டின் முன்பாதியில் குடித்தனம், பின்பாதியில் பத்துப் பைக்குகள். பின்சுவரைக் கீழே சாய்த்தால் அதுவே சரிவுப்பலகையாகிவிடும். பைக்குகளுக்கு மட்டும் என்று வாங்கிய கூடம்தான். ஆனால் கதிருக்குப் பழைய என்ஜின்கள் மேல் பித்து. உலகமே மின்சாரத்துக்கு மாறிய பிறகு ஊர் ஊராகத் துருப்பிடித்துக் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து, எண்ணெய் போட்டு, உயிர் கொடுத்து ஓடவிட்டுப் பார்ப்பான். ஓடும்போது அவன் முகத்தைப் பார்த்தால் அவளுக்கும் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது.

அதற்கெல்லாம் இடம் கொடுத்தது எடைவாங்கி. வீட்டின் தளத்துக்கு அடியில் பதித்த ஒரு பலகை. ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் உள்ள திருகைத் திருப்பினால், பலகைக்கு மேலே இருக்கும் எதையும் பூமி இழுக்கும் இழுப்பில் பத்தில் ஒன்பது பங்கைத் தடுத்துவிடும். அது சந்தைக்கு வந்த பிறகு ஜனங்கள் எதையும் விட்டுவிட்டுப் போவதில்லை. கிரானைட் மேடையோடு சமையலறை, தேக்குக் கட்டில், இரும்பு பீரோ, வாசலில் வைத்த கல் யானை, எல்லாம் கூடவே பயணம் போயின. இழுவீட்டின் கழுத்து, மொத்தக் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கையாவது இழுவண்டியின் மேல் அழுத்த வேண்டும், பாரத்தைப் பின்னால் குவித்தால் வால் ஆடும் என்பதெல்லாம் பழைய ஓட்டுநர்கள் பேசிக்கொள்ளும் சங்கதியாகிப்போனது. சாலை போடுகிறவர்களும் அதற்கேற்ப மாறினார்கள். நெல்லிமலைக்குப் போட்ட புதுப்பாதை மெல்லியது. அடிவாரத்தில் கல்லாற்றின் மேல் கட்டிய பாலம் அதைவிட மெல்லியது. கனமே இல்லாத வண்டிகளுக்கு எதற்குக் கனமான பாலம்?

மிருதுளாவும் சிலவற்றைக் கைவிட்டிருந்தாள். முன்பெல்லாம் வண்டியை நிறுத்தும் இடத்திலெல்லாம் சக்கரக் குடத்தைத் தொட்டுப் பார்ப்பாள், பேரிங் சூடாகிறதா என்று. டயரில் பொறித்த வருடத்தைப் பார்த்து, வயதானதை மாற்றிவிடுவாள். இப்போது டயர்கள் பளபளப்பாகத்தான் இருந்தன. பாரமே ஏறாத டயர் எப்படித் தேயும்? உள்ளே ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது வெளியே தெரியவில்லை.

மழை வருவதற்குள் இறங்கிவிடலாம் என்று கிளம்பினார்கள். பாதி மலையில் பிடித்துக்கொண்டது.

எடை வேறு, நிறை வேறு என்று எட்டாம் வகுப்பில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தான் எல்லோரும். எடைவாங்கி எடையைத்தான் வாங்கும். பொருளின் நிறை அப்படியே இருக்கும். ஓடத் தொடங்கிய நிறையை நிறுத்த வேண்டுமென்றால் டயர் சாலையைக் கவ்வ வேண்டும். கவ்வுவதற்கு எடை வேண்டும். வெயிலில், மெதுவாகப் போகையில் இது யாருக்கும் உறைக்காது. இறக்கத்தில் வேகம் கூடுவதும் நிதானமாகவே கூடும், உடம்புக்குத் தெரியாது.

வளைவு ஒன்றில் எதிரே ஜீப் ஒன்று வந்தது. மிருதுளா பிரேக்கை அழுத்தினாள். இழுவண்டி நின்றது. இழுவீடு நிற்கவில்லை. அதன் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு, நனைந்த சாலையில் சோப்புக்கட்டி போல வழுக்கின. அதன் கழுத்து, முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல, இழுவண்டியை நெட்டியது. கண்ணாடியில் வீட்டின் வால் பள்ளத்தின் பக்கமாகத் திரும்புவதைப் பார்த்தாள்.

அவள் கை எடைவாங்கியின் திருகுக்குப் போனது.

"வேண்டாம் மிரு! அத்தனை கனத்தை டயர் தாங்காது!"

பாதிக்கும் கீழே திருப்பிவிட்டாள். வீடு தொப்பென்று தரையில் உட்கார்ந்தது போலிருந்தது. டயர் ஒன்று வெடித்தது. தகரம் தடுப்புச்சுவரில் உராய்ந்து கிரீச்சிட்டது. எல்லாம் நின்றது. ஜீப்காரன் ஒரு முழம் தள்ளி, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

ஜீப் விலகி மேலே போனது. மழைச் சத்தம் மட்டும்.

வளைவுக்குக் கீழே சாலையோரம் அகலமாக ஒரு இடம் இருந்தது. நடை வேகத்தில் ஊர்ந்து அங்கே ஒதுங்கி, ஸ்டெப்னி மாற்றினார்கள். இன்னொரு டயரின் பக்கவாட்டில் கட்டி போல ஒரு புடைப்பு. கதிர் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"வாங்கியப் போட்டா பிரேக்கு புடிக்காது. நிறுத்துனா டயரும் தாங்காது, ரோடும் தாங்காது" என்றான். கேள்வி இல்லை, கணக்கை முடித்துச் சொல்கிற குரல்.

"ஆமாங்க."

"அப்ப எறக்க வேண்டீதுதான்."

அவள் அதைச் சொல்லத் தயங்கிக்கொண்டுதான் இருந்தாள். அவனே சொல்லிவிட்டதும் பின்சுவரைச் சாய்க்கப் போனாள்.

எடைவாங்கியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார்கள். பம்ப்செட் ஒரு சூட்கேஸ் அளவுதான் கனத்தது. ஆனால் நகர மாட்டேன் என்று அடம்பிடித்தது. நகர்ந்த பிறகு நிற்க மாட்டேன் என்றது. சரிவுப்பலகையின் விளிம்பைத் தாண்டி வெளியே போன கணத்தில் அதன் எடை முழுக்கத் திரும்பி வந்தது. பொத்தென்று விழுந்து ஈரமண்ணில் பாதி புதைந்தது. கதிர் ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பத்துப் பைக்குகளில் எட்டையும் விட்டார்கள். கற்றுக்கொடுக்க வாகாக இருந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அதற்குள் மேலிருந்து இன்னொரு இழுவீடு ஊர்ந்து வந்து நின்றது. கேட்டரிங் ஹபீப் பாய். கல்யாணச் சமையலுக்கான செப்பு அண்டாக்கள், இரும்பு அடுப்புகள், கல்மேடை என்று அவர் வீட்டில் இல்லாதது இல்லை.

"என்ன தங்கச்சி, கடை போட்டிருக்கீங்க?"

"உங்க வண்டி வழுக்கலீங்களா பாய்?"

அவர் சிரிப்பு நின்றது. "மேல் வளைவுல ரெண்டு தடவ. அல்லா காப்பாத்துனான்." குவியலைப் பார்த்தார். தம் வண்டியைப் பார்த்தார். மகனைக் கூப்பிட்டார். "டேய், கல்மேடைய மொதல்ல எறக்கு."

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தார்கள். பீரோ, உடற்பயிற்சி இரும்பு, ஊஞ்சல், மாவாட்டும் கல், கல் யானை. ஒருவர் இறக்குவதைப் பார்த்து இன்னொருவருக்குத் துணிச்சல் வந்தது. வெட்கம் போய், கடைசியில் ஒரு திருவிழாக் களையே வந்துவிட்டது. பள்ளத்தின் விளிம்பில் ஆள் உயரத்துக்கு மேல் குவிந்தது.

மிருதுளா வண்டியை எடுத்தாள். எடைவாங்கியைப் போடவில்லை. ஸ்டீயரிங்கில், பிரேக்கில், வளைவில், எங்கும் வீடு தன் இருப்பைச் சொல்லிக்கொண்டே வந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது.

பாலத்துக் காவலில் ஜான்சி என்ற பெண் எடைத்திரையைத் தட்டிப் பார்த்தாள்.

"அக்கா, வாங்கியப் போடுங்க. போடாம பாலத்துல ஏறக்கூடாது."

"போடாமலே உன் அளவுக்குள்ளதான் கண்ணு வருது."

ஜான்சி குனிந்து அடியில் பார்த்தாள். சரிவுப்பலகையைத் திறக்கச் சொல்லி உள்ளேயும் பார்த்தாள். "காலி வீட்டோட ஒருத்தர் எறங்கி வந்து இப்பத்தான் பாக்கறேன்" என்று பாலத்துத் தடுப்புக்கம்பத்தைத் தூக்கிவிட்டாள்.

பாலத்தைத் தாண்டி இறங்கியபோதுதான் மலை இருமியது போல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தார்கள். பச்சைச் சரிவின் நடுவில் சிவப்பாக ஒரு கீறல் கீழ்நோக்கி நீண்டுகொண்டிருந்தது.

போன் அடித்தது. ஹபீப் பாய்.

"தங்கச்சி, எல்லாரும் உசுரோட இருக்கோம். டீ குடிக்க மேல் வளைவுக்குப் போயிருந்தோம், அதனால. சாமான் அத்தனையும் போச்சு. சாமானோட ரோடும் போச்சு."

காற்றில் கரைந்துவிட்டதாக எல்லோரும் நினைத்திருந்த கனம் அத்தனையையும் அந்தச் சாலையோரம் ஒரே பகலில் இறக்கிவைத்திருந்தார்கள். முதல் இரும்பு தங்களுடையது என்பது இருவருக்கும் தெரியும். மேலே நெல்லிமலை ஊர் முழுக்க இருந்தது. இறங்க வேறு வழியில்லை.

மறுநாள் பொக்லைன் வந்தது. எடைவாங்கி போட்டுக்கொண்டு பாலத்தைச் சுலபமாகத் தாண்டியது. மண்சரிவை எட்டி வாளியை ஊன்றியது. மண் அசையவில்லை, பொக்லைன்தான் பின்னுக்கு நகர்ந்தது. சுவரைத் தள்ளும் குழந்தை மாதிரி திரும்பத் திரும்ப முட்டிவிட்டு வழுக்கியது. எடை இருந்தால்தானே தோண்ட முடியும்? ஓட்டுநர் எடைவாங்கியை நிறுத்தினார். அடுத்த நொடி சக்கரத்துக்கடியில் சாலை விரிசல் விட்டது. அலறிக்கொண்டு மறுபடி போட்டார். எடைவாங்கிப் பலகைகளை மண்ணுக்கடியில் செருகிப் பார்க்கலாம் என்றார் ஒருவர். அடியில் செருக முதலில் தோண்ட வேண்டும் என்றார் பொறியாளர்.

மத்தியானத்துக்குள் கூடை, கடப்பாரை, மண்வெட்டியோடு அடிவாரத்து ஊர்ஜனம் வந்துவிட்டது. மிருதுளா தன் காலி இழுவீட்டில் நடை நடையாக ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தாள். நிஜமாகவே கனம் குறைந்த பெரிய வண்டி அந்தச் சாலையில் அது ஒன்றுதான். கதிர் சட்டையைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கியிருந்தான். சரிவின் அந்தப் பக்கத்திலிருந்தும் கடப்பாரைச் சத்தம் கேட்டது. ஹபீப் பாயின் குரல்கூடக் கேட்டது போலிருந்தது.

பொறியாளர் ஒலிபெருக்கியை எடுத்தார். காலையிலிருந்து விரிசல்களை அளந்தபடி இருந்தவர்.

"தயவுசெஞ்சு கூட்டமா நிக்காதீங்க. இந்த ரோடு தாங்காது. ஒவ்வொருத்தரும் ரெண்டு கை தூரம் தள்ளி நில்லுங்க."

ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிலர் தங்கள் காலடியைப் பார்த்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தவர்கள் மெதுவாக விலகினார்கள். தாயும் மகளும் விலகினார்கள். கதிருக்குத் தண்ணீர் கொண்டுபோன மிருதுளாவை அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"தள்ளி நில்லு மிரு" என்றான்.

அவள் பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டுப் பின்வாங்கி நின்றாள். கற்களைக் கைமாற்றிக்கொண்டிருந்த வரிசையிலிருந்து ஒரு கல் வந்தது. எட்டி வாங்கி, உடம்பை நீட்டி, அடுத்த ஆளிடம் கொடுத்தாள். நல்ல கனம்.