புழுதி படிந்த வீடு

காற்றாலைத் தகராறுகளைத் தீர்க்கும் அரசு அலுவலகத்துக்கு ஓர் அக்காவும் தம்பியும் முறைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். தம்பியின் நிலத்தில் காற்றாலை வரவேண்டும். அதை ஒட்டி அக்காவின் தனி வீடு. ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் காற்றாலை கூடாது, குடியிருப்பவர் சம்மதித்தால் மட்டுமே விலக்கு என்பது விதி.

போன மாதம்வரை அங்கேதான் இருந்ததாக அக்கா சொன்னாள். கூரையைப் பழுது பார்க்கிறேன் என்று தம்பிதான் அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய், சாவியையும் வாங்கிக்கொண்டானாம். தம்பியோ, அக்கா தன்னோடு வந்து நாலு வருஷமாயிற்று, அன்று பூட்டிய கதவைத் தானும் திறந்ததில்லை என்று சாதித்தான்.

அதிகாரி இருவரையும் கூட்டிக்கொண்டு நேரில் பார்க்கக் கிளம்பினார். உடன் போன நில அளவையாளருக்கு அலுவலகத்தில் அவசரக்காரி என்று பெயர். தம்பி கதவைத் திறந்ததும் அவளுக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. தரை, கட்டில், அடுப்பு எங்கும் விரல் புதையும் புழுதி.

"ஈ காக்கா இருந்த வீடு மாதிரி தெரியல சார். அந்தம்மா கதை விடுறாங்க."

அதிகாரி வாசற்படியிலேயே நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். அவளும் பார்த்தாள். வெறும் உத்தரம், மூலைகள். அவர் இப்படி நின்றால் ஏதோ அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

"மேல என்ன இல்ல, சொல்லு."

அவள் மறுபடி மூலைமூலையாகப் பார்த்தாள். "ஒட்டடை சார். ஓர் இழைகூட இல்ல."

அதிகாரி தம்பியிடம் திரும்பினார். "நாலு வருஷமா சிலந்தி எல்லாம் லீவுல போயிடுச்சா? புழுதியை முறத்துல அள்ளி வீசலாம் தம்பி. ஒட்டடையை வீச முடியாது. போன மாசம்வரைக்கும் ஒட்டடை அடிச்சது உங்க அக்கா. புழுதி போட்டது, சாவி வச்சிருந்தவரு."

தம்பிக்கு முகம் வெளிறியது. இந்த இடம் தவறினால் காற்றாலை பக்கத்து நிலத்துக்காரனுக்குப் போய்விடும் என்று முனகினான்.

"அக்காகிட்ட சம்மதம் கேட்டீங்களா?"

"அவ மாட்டேன்னுதான் சொல்லுவா சார்."

அக்கா சிரித்தாள். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா, வச்சுக்கோடான்னு சொல்லியிருப்பேன். எனக்குக் காது வேற மந்தம். அது சுத்தினா என்ன, நின்னா என்ன?"

விதிப்படி இப்போதும் கேட்கலாம் என்றார் அதிகாரி. தம்பி தரையைப் பார்த்தபடி நின்றான்.

"அக்கா..." என்றான் கடைசியில், தொண்டைக்குள்ளேயே.

"கேட்கல," என்று சொல்லிவிட்டு, அவள் துடைப்பத்தைத் தேடி உள்ளே போனாள்.