முன் சக்கரத்து மூச்சு

போன் அலறியது.

ஒடில் பிரேக்கைப் பிடித்தாள். சரளை சிதற, சைக்கிள் ஒரு முழம் வழுக்கிப் போய் நின்றது. ஒரு பக்கம் லுவார் ஆறு. மறுபக்கம் மேடு முழுக்கத் திராட்சைக் கொடி.

கூப்பிட்டது காஸ்பார். அவள் புருஷன். காலையில் ஒன்றாகத்தான் கிளம்பினார்கள். ஆற்றோரப் பாதை வந்ததும், நீ ஆடி அசைந்து வா என்று சொல்லிவிட்டு முன்னால் பறந்துவிட்டான்.

"ஒடில்... உங்க அப்பா..."

"அப்பாவுக்கு என்ன?"

"குகைக்குள்ள விழுந்து கெடக்காரு. அசைவே இல்ல. நான் வாசல்ல நிக்கிறேன். சீக்கிரம் வா."

அவள் பெடலை மிதித்தாள்.

சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த அப்பாவின் ஒயின் குகை அது. உள்ளே ஒரு சரிவு, அதன் அடியில் ஆளுயரத் தொட்டிகள். அவற்றில் இந்த வருஷத்துத் திராட்சைச் சாறு நுரைத்துப் புளித்துக்கொண்டிருக்கும். புளிக்கிற சாறு மூச்சு விடும். அந்த மூச்சு மனுஷன் மூச்சை நிறுத்தும். வாசனை இருக்காது, கண்ணுக்கும் தெரியாது. தண்ணீர் மாதிரி தரையில் தேங்கி மெல்ல மேலே ஏறும்.

அறுப்பு நாளில் அந்தப் பள்ளத்தாக்கில் எங்காவது ஒருத்தர் அப்படி விழுவார். அவரைத் தூக்கப் போனவரும் பக்கத்திலேயே விழுவார். ஒரே கோயிலில் இரண்டு சவப்பெட்டி.

ஒடிலுக்கு இது தெரியாதா? பிறந்ததே இந்த மண்ணில்தான். ஆனால் விழுந்து கிடப்பது அப்பா!

குகைக் கதவு திறந்திருந்தது. வாசலுக்கு உள்பக்கம் காஸ்பார் நின்றிருந்தான். வேகத்தைக் குறைக்காமல் உள்ளே பாய்ந்தாள். சைக்கிளின் ஹேண்டில்பார் கதவில் மோதியது. கனத்த ஓக் கதவு சுவரில் இடித்துத் திரும்பி...

தடால்!

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கதவை ஒட்டிச் சாத்தியிருந்த காஸ்பாரின் சைக்கிளைத் தாண்டி, சரிவில் இறங்கி, அடியில் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

போன் டார்ச்சை அடித்தாள். தொட்டியடியில் நீலச் சட்டை. கீழே பூட்ஸ். குப்புறக் கிடந்த உருவம்.

தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

தோளே இல்லை.

பிழிந்து போட்ட திராட்சைத் தோல் குவியல். அதன் மேல் அப்பாவின் சட்டை.

"காஸ்பார், அப்பா இல்ல. வெறும் சட்டைதான்."

மேலே இருந்து கதவைப் பிறாண்டும் சத்தம்தான் வந்தது.

தலை கிர்ரென்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு சரிவில் ஏறி வந்தாள். காஸ்பாரின் முகம் வெளுத்துப் போயிருந்தது. இருட்டில் அது சட்டை என்று தெரியவில்லை, நிஜமாகவே அவர்தான் என்று நினைத்தேன் என்றான். சொல்லும்போது அவன் கண் அவள் மேல் இல்லை. கதவின் மேல் இருந்தது.

சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு. அதன் உள்பக்கம் கைப்பிடி இல்லை. திருகாணி இருந்த ஓட்டைகள் மட்டும்.

கைப்பிடி எங்கே என்று கேட்டாள். உங்கப்பா பழுது பார்க்கக் கழற்றியிருப்பார் என்றான். காற்றை வெளியே இழுக்கும் ஃபேன் ஏன் ஓடவில்லை என்று கேட்டாள். கரண்ட் போயிருக்கும் என்றான். எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் தயாராக இருந்தது. ஃபேன் சுவிட்ச் வெளிச்சுவரில். பாறைக்குள் போன் எடுக்காது, அதன் டார்ச் மட்டும் எரிந்தது.

இருவரும் தோளால் கதவை இடித்தார்கள். கதவு கேட்டுக்கொள்ளவில்லை.

கதவுக்கு உள்புற மாடத்தில் அப்பா எப்போதும் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் வைத்திருப்பார். ஒடில் பற்றவைத்தாள். சரிவின் நடுவில் கொண்டுபோய் வைத்தாள்.

சுடர் குனிந்தது. அணைந்தது.

இன்னும் மேலே வைத்தாள். கொஞ்ச நேரம் நின்று எரிந்தது. பிறகு அதுவும் அணைந்தது.

"ஏறிக்கிட்டு இருக்கு," என்றாள்.

காஸ்பாரின் நெஞ்சு ஏறி இறங்கியது. கூண்டில் போட்ட நாய் மாதிரி கதவோரமாகவே நடந்தான்.

ஒடில் பாலத்தடியில் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவள். நாள் பூராவும் டயரோடு மல்லுக்கட்டும் கை. அந்தக் கைக்குத்தான் முதலில் உறைத்தது.

"டயர்ல காத்து இருக்கு காஸ்பார். சரளைல ஓட்டுற டயர், நல்லா அகலம். வால்வுல வாய வச்சு உறிஞ்சலாம்."

அவன் நின்றான். தன் சைக்கிளைப் பார்த்தான். அவள் சைக்கிள் கீழே, விஷக் காற்றுக்குள் கிடந்தது. மேலே இருந்தது இது ஒன்றுதான்.

ஒரு கணம் எதையோ யோசித்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

"முன் சக்கரம் உனக்கு. பின் சக்கரம் எனக்கு."

ஒடில் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து ரொட்டியின் மொறுமொறு முனையைக்கூட அவளுக்கு விட்டுக்கொடுத்த ஆள் இல்லை. இன்று உயிரில் பாதியைத் தருகிறான்!

வால்வைக் கொஞ்சம் தளர்த்தி, உதட்டைப் பொருத்தி, உறிஞ்சினாள்.

நாக்கில் சுருக்கென்றது.

சோடா குடித்த மாதிரி.

சட்டென்று வாயை எடுத்தாள். அது காற்று இல்லை. வழியில் பஞ்சரானால் அவசரத்துக்கு அடிக்கிற குட்டிக் குப்பியின் கேஸ். தொட்டியிலிருந்து வருவதும் அதே கேஸ்தான்! முன்னால் பறந்து போனவனுக்கு வழியில் பஞ்சர் ஆகியிருக்கிறது. குப்பியை வைத்து ஏற்றியிருக்கிறான்.

மறந்திருப்பான், பாவம்...

நிமிர்ந்து பார்த்தாள்.

பின் சக்கரத்து வால்வில் வாய் வைத்தபடி அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுப்பில் வைத்த பால் எப்போது பொங்கும் என்று பார்க்கிற பார்வை.

மறக்கவில்லை.

எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. சட்டை. ஃபேன். கைப்பிடி. அம்மா அவள் பெயருக்கு எழுதிவைத்த இந்த மலைச்சரிவு. விற்றுவிட்டு லியோன் பட்டணத்துக்கே போய்விடலாம் என்று அவன் நச்சரித்ததும், அவள் முடியாது என்றதும். அப்பாவைக் காப்பாற்ற ஓடி மகள் செத்தாள் என்று ஊர் அழுதிருக்கும். வெளியே நின்று பூட்டவேண்டியவன் அவள் வந்த வேகத்தில் உள்ளே மாட்டிக்கொண்டான்!

தெரியும் என்று காட்டினால் கழுத்தை நெரித்துவிடுவான். நெரிக்கத் தெம்பு இருக்கிற கை.

"வால்வு அடைச்சிருக்கு," என்றாள்.

"நல்லா உறிஞ்சு செல்லம். வரும்."

அவள் உறிஞ்சவில்லை. நுரையீரல் கொள்ளும் மட்டும் மூச்சை நிரப்பினாள். சரிவில் பாய்ந்தாள்.

கண் எரிந்தது. தரையைத் தடவினாள். சக்கரம் கையில் தட்டுப்பட்டது. மூச்சை விடாதே... விட்டால் அடுத்தது உள்ளே வராது... இழுத்தாள். சரளைக்காட்டில் இத்தனை வருஷம் மேடு ஏறிய தொடை இதற்குத்தான் போல. நெஞ்சு வெடிக்கிற நேரத்தில் கதவடிக்கு வந்து விழுந்தாள். தன் டயரில் வாய் வைத்தாள்.

ரப்பர் வாடை. பஞ்சரை அடைக்க டயருக்குள் அவளே ஊற்றிய ரப்பர் பாலின் வாடை. அவள் கடையின் காற்று! அதைவிட ருசியாக அவள் எதையும் தின்றதில்லை.

காஸ்பாரின் பின் சக்கரம் சப்பிப்போனது. அவன் சுவரோடு சரிந்தான். உதடு நீலம் பாய்ந்தது. அவள் சைக்கிளை நோக்கிக் கை நீண்டது. பாதியில் விழுந்தது.

ஒடில் பார்த்துக்கொண்டே இருந்தாள். சும்மா இருந்தால் போதும். கதை முடிந்தது.

தன் சைக்கிளின் பின் சக்கரத்தை அவன் வாயருகே தள்ளினாள்.

"இந்தா. நீ செத்துட்டா நான் யாரக் கேக்குறது?"

அந்த மூச்சும் தீரப்போகும் நேரத்தில் வெளியே சத்தம் கேட்டது. வாளியைத் தட்டும் சத்தம். பாட்டு.

பகல் சாப்பாட்டு நேரத்தில் குகைப் பக்கம் ஈ காக்கை வராது என்று கணக்குப் போட்டிருந்தான் காஸ்பார். பட்டணத்துக்காரன். அறுப்பு வந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறவன். கடைசிக் கூடை இறங்கும் அன்று ஆட்கள் சாப்பாட்டில் கை வைப்பதில்லை. கொடியும் பூவும் கட்டிய கொத்தைத் தூக்கிக்கொண்டு முதலில் குகை வாசலுக்குத்தான் வருவார்கள். முதலாளி கையால் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்த பிறகுதான் சோறு. மழை வரும் என்ற பயத்தில் அறுப்பு இன்றைக்கே முடிந்திருந்தது.

கதவு திறந்தது. பூங்கொத்தோடு முன்னால் நின்றவர் அவள் அப்பா அன்செல்ம்.

வெயில். காற்று. ஓசிக் காற்று!

ஆனால் அவன் வைத்த பொறி இன்னும் அவளை விடவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. பெர்த்தலோ என்ற போலீஸ் அதிகாரி வந்தாள். ஞாயிறுதோறும் அதே ஆற்றோரத்தில் சைக்கிள் மிதிக்கிறவள். அதற்குள் காஸ்பார் புல்லில் சாய்ந்தபடி எல்லோரிடமும் கதை சொல்லி முடித்திருந்தான். தன் முன் சக்கரத்து மூச்சைப் பெண்டாட்டிக்குக் கொடுத்த கதை. சமையல்காரி மூக்கைச் சிந்தினாள். கூலிக்கு அறுக்க வந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

ஒடில் என்ன சொல்வாள்? சட்டை ஆணியிலிருந்து விழுந்திருக்கலாம். கைப்பிடி பழசு. ஃபேனை யாரும் அணைத்திருக்கலாம். உயிர் கொடுத்த புருஷனைக் கொலைகாரன் என்றால் ஊர் அவள் முகத்தில் துப்பும்.

அவள் எழுந்து போய் அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அடைப்ப எடுத்துட்டேன் காஸ்பார்," என்று முன் வால்வைத் தொட்டாள். புஸ்ஸென்றது. "எப்படிக் காப்பாத்துனன்னு மேடத்துக்கு ஒருதரம் உறிஞ்சிக் காட்டு."

எல்லோரும் நெருங்கி வந்தார்கள். அவன் சிரித்தான். குனிந்தான். உதட்டைப் பொருத்தினான். கன்னத்தை உப்பவைத்தான். அப்பாடா என்று நெஞ்சைத் தடவிக்கொண்டான்.

"டயர்ல சத்தமே வரலியே," என்றாள் பெர்த்தலோ.

"உறிஞ்சினேன் மேடம்."

"விரல் வால்வுல படவே இல்ல. மறுபடியும் செய்ங்க."

அவன் வால்வைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். நெற்றி வியர்த்தது.

"இப்பத்தான் ஒரு கண்டத்துலேருந்து தப்பிச்சிருக்கேன். மறுபடியும் அந்த கேஸ எப்படி..."

நிறுத்தினான். நிறுத்தியது தாமதம்.

"எந்த கேஸ்?" என்றாள் பெர்த்தலோ. குனிந்து, வால்வை அழுத்தி, நாக்கை நீட்டினாள். முகத்தைச் சுளித்தாள். "குப்பி கேஸ். மறந்துபோய்க் கொடுத்திருந்தீங்கன்னா இப்பவும் மறந்துபோய் உறிஞ்சியிருப்பீங்க."

அன்செல்ம் பூங்கொத்தைக் கீழே போட்டார். காலையில் ஃபேனையும் கைப்பிடியையும் நானே பார்த்தேன், இரண்டும் சரியாகத்தான் இருந்தன என்றார். காஸ்பார் மறுக்கவில்லை. கைப்பிடி தொட்டிக்குள் கிடக்கிறது என்று முனகினான்.

விலங்கு மாட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். கம்பி வழியாகத் தன் சைக்கிளை ஏக்கத்தோடு பார்த்தான்.

"ஒடில்... இனிமே நான் எங்க ஓட்டுவேன்?"

"ஓட்ட முடியாது. நடக்கலாம்," என்றாள் ஒடில். "ஜெயில் முற்றத்துல தினமும் சுத்தி வர விடுவாங்க. தரை பூரா சரளைதான்!"