விடாத மருந்து

தினமும் வேலை தொடங்குமுன் ஸ்கேன் மெஷினுக்குள் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்துப் படம் எடுத்துச் சரிபார்ப்பார்கள். வெறும் சாம்பல் வட்டம்தான் விழ வேண்டும். இன்று வட்டத்துக்குள் மயிரிழையாய் வெள்ளைக் கிளைகள். ஆபரேட்டர் ஜின்சி பாட்டிலை மாற்றினாள். அதிலும் கிளைகள், முன்னைவிடத் தடிமனாக. இன்றைக்கு வேண்டாம், என்ஜினீயர் வந்து பார்க்கட்டும் என்றாள். யோகப்பிரியா கேட்கவில்லை. அப்பா சென்னியப்பனின் ஈரலில் இருப்பது கட்டியா, பழைய தழும்பா என்று தெரிந்தால்தான் நாளைக்கு ஆபரேஷன்.

அப்பாவுக்கு ஏற்றப்போகும் மருந்து யோகப்பிரியாவே ஆராய்ச்சி செய்து உருவாக்கியது. படம் தெளிவாக விழ உடம்பில் ஏற்றும் பழைய கான்ட்ராஸ்ட் மருந்து சீக்கிரமே வெளியேறிவிடும். அவள் இரும்பு நானோ துகள்களுக்குப் புதுப் பூச்சு கொடுத்து ஈரலிலேயே தங்க வைத்திருந்தாள். ஒட்டினால் விடாது என்று கல்யாண வீட்டில்கூடப் பெருமை அடித்துக்கொண்டவள். இதே மெஷினில் முயல்களுக்கு நன்றாகத்தான் வேலை செய்தது. செத்த பிறகு அந்த முயல்களைப் படமெடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மாங்காய்க்கு அடிக்கிற மருந்தைவிட இது ஒன்றும் மோசமில்லை என்று சிரித்துக்கொண்டே அப்பா ஊசி போட்டுக்கொண்டார். மேஜை அவரை உள்ளே இழுத்துக்கொண்டது.

வெளியே நெல்லியாம்பதி மலைப் பக்கமிருந்து மழை இறங்கி ஜன்னலை அறைய, மெஷினின் டக்டக் சத்தம் தரை வழியாக ஏறிப் பல்லில் கூச, ஸ்பிரிட் வாசனைக்கு நடுவே துருப்பிடித்த இரும்பை நக்கியது போல் நாக்கில் ஒரு ருசி பரவிக்கொண்டிருந்தபோது, திரையில் ஈரல் பளிச்சென்று எழுந்தது. கட்டி இல்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகு அந்த வெள்ளை ஈரலைத் தாண்டியது. விலாவைத் தாண்டியது. தோலையும் தாண்டியது.

மைக்கை அழுத்தினாள். "அப்பா, அசையாதீங்க."

"நான் அசையலெ அம்முணி. ஆரு என் கையப் புடிச்சிருக்கறது?"

கண்ணாடிக்கு அப்பால் அவருடைய இரண்டு பாதங்கள் மட்டும். அந்த அறையில் வேறு யாரும் இல்லை. ஜின்சி பக்கத்தில் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

திரையில் அப்பாவின் கைமேல் இன்னொரு கை. எலும்பு இல்லை. சதை இல்லை. வெறும் ரத்தக்குழாய்கள். அடுத்த படத்தில் தோள். அடுத்ததில் கழுத்து.

அப்பாவின் ஈரல் இருண்டுகொண்டே வந்தது.

நிறுத்தும் பொத்தானை அடித்தாள். சத்தம் நின்றது. படம் நிற்கவில்லை.

ஓடினாள். மேஜையை வெளியே இழுத்தாள். அப்பாவின் கண்கள் திறந்திருந்தன. மூச்சில்லை. விரல்கள் எதையோ பற்றியபடி மடங்கியிருந்தன. அவர் நெஞ்சை அழுத்தினாள், மறுபடி அழுத்தினாள், அப்பா அப்பா என்று கத்தினாள். உதடு அசையவில்லை.

காலியான குழாயின் உள்ளிருந்து அவர் குரல் கேட்டது.

"இன்னும் அசையாமத்தான் கெடக்கோணுமா, அம்முணி?"