பாத்ரூம் இல்லாத வீடு

சனிக்கிழமை காலை என்றால் சிக்னேவுக்கு அலாரம் தேவையில்லை. அவளுடைய அப்பா யெஸ்பரும் பக்கத்து வீட்டு பியார்க்கேயும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு போடும் சத்தமே அவளை எழுப்பிவிடும்.

"என்னய்யா யெஸ்பர், அந்த அலமாரி சாய்ஞ்சு நிக்குதா, இல்ல உன் வீடே சாய்ஞ்சு நிக்குதா?"

"நீ தலையச் சாய்ச்சுப் பாரு, நேராத் தெரியும். அது கிடக்கட்டும், உன் பாத்ரூம் எப்போ முடியும்?"

"அவசரப்பட்டா வேலை கெட்டுப்போயிரும்யா."

"ஆரம்பிச்ச வேலைதானே கெட்டுப்போகும்? உனக்கு அந்தக் கவலையே இல்ல!"

லெம்வி ஊரில், கடல் காற்று அடிக்கிற அந்தச் சின்னத் தெருவில், இது வாராவாரம் நடக்கும். அப்பா மாட்டிய அலமாரியைப் பியார்க்கே கேலி செய்வார். பியார்க்கே உடைத்துப் போட்ட பாத்ரூமை அப்பா கேலி செய்வார். பிறகு பேச்சு வீட்டுக் கதைக்குப் போகும். யார் வீட்டில் சூப் தீய்ந்தது, யார் மனைவியின் பிறந்தநாளை மறந்தார்கள், யாருடைய பிள்ளை காலுறையைத் தொலைத்தது என்று நேரம் ஓடும். காபி ஆறிப்போன பிறகுதான் இருவரும் உள்ளே போவார்கள்.

அதெல்லாம் இலையுதிர் காலத்தோடு நின்றுபோனது.

பியார்க்கேயின் மனைவி கத்ரினே, ஆறு வயது மகன் ஓட்டோவை அழைத்துக்கொண்டு ஆர்ஹூஸ் நகரத்துக்குக் குடிபோய்விட்டாள். சண்டை சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் காரில் பெட்டிகள் ஏறின. கடைசியாக ஓட்டோவின் மூன்று சக்கர சைக்கிள் ஏறியது. கார் போனது. பியார்க்கே வீட்டுக் கதவு மூடிக்கொண்டது.

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் மழைச் சத்தம் மட்டும்தான்.

சிக்னேவுக்கு விளங்காதது, அப்பாவும் வேலிப் பக்கம் போவதை நிறுத்திவிட்டதுதான். பியார்க்கே வாசலில் தெரிந்தால் அப்பா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்துவிடுவார். குப்பை கொட்டக்கூட எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

"போய் ஒரு வார்த்தை பேசேன், யெஸ்பர்," என்பாள் அம்மா.

"என்னத்தப் பேச?" என்பார் அப்பா. அதோடு சரி.

நவம்பர் மாதம் ஒரு மாலை, சிக்னேவின் போனில் ஓட்டோ வந்தான். திரையில் அவன் நெற்றி மட்டும் தெரிந்தது.

"சிக்னே, உங்க வீட்டு பாத்ரூம் நல்லாருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. ஏன்டா?"

"எங்க வீட்டுது இன்னும் ஆகலையாம். அதனால இந்த வாரமும் வர வேண்டாம்னு அப்பா சொல்லிட்டாரு. நான் தோட்டத்துலயே ஒண்ணுக்குப் போயிக்கறேன்னு சொன்னேன். அதுக்கும் வேண்டாம்னுட்டாரு."

"ரெண்டுக்கு வந்தா என்ன பண்ணுவ?"

ஓட்டோ யோசித்தான். "அடக்கிக்குவேன். ஞாயித்துக்கிழம வரைக்கும்."

சிக்னேவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் திரையில் நெற்றி கீழே இறங்கி, இரண்டு கண்கள் தெரிந்தன. அந்தக் கண்கள் சிரிக்கவில்லை.

"சிக்னே, அப்பாவுக்கு நான் வேண்டாமா?"

"சேச்சே! அப்படியெல்லாம் இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

சிக்னேவுக்கு அது உண்மையிலேயே தெரியாது.

மறுநாள் பள்ளி விட்டதும் அவள் நேரே பியார்க்கே வீட்டுக்குப் போனாள். நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. கதவு பூட்டியிருக்கவில்லை.

"பியார்க்கே? நான்தான், சிக்னே."

அந்த ஊரில் சிறுவர்கள் பெரியவர்களையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

உள்ளே ஈர மண்ணின் வாடை அடித்தது. பாத்ரூமிலிருந்து கழற்றிய டாய்லெட் நடைவழியில் நின்றது. அதன் மூடிமேல் பியார்க்கேயின் குல்லாவும் கையுறைகளும் கிடந்தன. பியார்க்கே பாத்ரூமுக்குள், ஒரு சிமெண்ட் மூட்டைமேல் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். சுவரில் டைல்ஸ் இல்லை. தரையில் பாதி இல்லை. இரண்டு குழாய்கள் மட்டும் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன.

"ஓட்டோ போன் பண்ணினான்," என்றாள் சிக்னே.

பியார்க்கே நிமிர்ந்தார். "எப்படி இருக்கான்?"

"நல்லாருக்கான். பல்லு ஒண்ணு விழுந்துருச்சாம், போன வாரம் சொன்னான்."

"பல்லா? எந்தப் பல்லு?"

"மேல, முன்னாடி."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே," என்றார் பியார்க்கே. பிறகு அவர் நாக்கு, அவரையறியாமலே, மேல் பல்லைத் தொட்டுப் பார்த்தது.

"அவன் வரட்டுமே, பியார்க்கே."

"இங்கயா? பாரும்மா இந்த வீட்ட. சுவத்த உடைச்சேன், உள்ள ஈரம். ஈரம் எங்கேருந்து வருதுன்னு தரைய உடைச்சேன், கீழ இருக்கற மரமே உளுத்துப் போயிருக்கு. நான் கொட்டகைல ஒரு வாளிய வச்சுக்கிட்டு ஓட்டறேன். இதயா அவன் வந்து பாக்கணும்? 'எங்கப்பா வீட்டுல வாளிதான்'னு பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லணுமா?"

"அவனுக்கு அதெல்லாம் ஒண்ணும்..."

"சிக்னே." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே மிகவும் மெதுவாகச் சொன்னார். "வீட்டுக்குப் போம்மா."

திட்டியிருந்தால்கூட இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. ஓட்டோ கேட்ட கேள்வி அவள் வாய் வரை வந்தது. அதைச் சொன்னால் இவர் உடைந்துபோவார் என்று தோன்றியது. சொல்லாமலே வெளியே வந்தாள்.

வீட்டில் அப்பா ஒரு நாற்காலிக் காலை ஒட்டிக்கொண்டிருந்தார். பசை நாற்காலியில் இருந்ததைவிட அவர் சட்டையில்தான் அதிகம் இருந்தது.

"அப்பா, நீங்க ஏன் பியார்க்கேகிட்ட பேசறதில்ல?"

அப்பா நாற்காலியைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். பிறகு கீழே வைத்துவிட்டார்.

"கடைசியா நான் அவன்கிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? 'நீ இப்படியே இழுத்துக்கிட்டிருந்தா கத்ரினே பெட்டியக் கட்டிட்டுப் போயிருவா, பாரு'ன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். அடுத்த வாரமே அவ போயிட்டா."

"நீங்க சொன்னதாலயா போனாங்க?"

"தெரியலம்மா. ஆனா அவன் மூஞ்சியப் பாத்தாலே அந்தச் சிரிப்புதான் காதுல கேக்குது. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய் நிப்பேன்?"

"பேசாமலே இருந்தா சரியாயிருமா?"

"ஆகாது."

"அப்போ?"

"தெரியலையே, சிக்னே," என்றார் அப்பா. அவரும் பியார்க்கே மாதிரியே தரையைப் பார்த்தார்.

சிக்னே மாடிக்குப் போய்ப் படுக்கையில் உட்கார்ந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர் தரையைப் பார்க்கிறார். இந்தப் பக்கம் ஒருவர் தரையைப் பார்க்கிறார். ஆர்ஹூஸில் ஒரு சின்னப் பையன் பதிலுக்குக் காத்திருக்கிறான். எல்லாரும் இப்படியே இருந்துவிடுவார்களோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை வந்தது. அவளை எழுப்ப யாரும் சத்தம் போடவில்லை. அவளாகவே எழுந்தாள். அப்பாவின் கருவிப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். அசையவில்லை. அதனால் நடைவழி முழுக்கக் கடகடவென்று இழுத்துக்கொண்டு போனாள்.

அப்பா பதறி ஓடி வந்தார். "தரை போச்சு! எங்கே இழுத்துட்டுப் போற?"

"பியார்க்கே வீட்டுக்கு."

"அத வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவ?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. அதான் நீங்களும் வரணும்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அவருடைய மழைக்கோட்டை எடுத்து நீட்டினாள்.

பியார்க்கே கதவைத் திறந்தார். முகத்தில் பல நாள் தாடி. இரண்டு அப்பாக்களும் ஒருவர் செருப்பை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாராவது ஒருவர் ஏதாவது கேலி பேசிவிடுவார் என்று சிக்னே காத்திருந்தாள். கூரையிலிருந்து தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

"பியார்க்கே," என்றார் அப்பா கடைசியில். "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"எத?"

"பெட்டியக் கட்டிட்டுப் போயிருவான்னு..."

பியார்க்கே செருப்பிலிருந்து கண்ணை எடுத்தார். "அவ போன வருஷமே முடிவு பண்ணிட்டா, யெஸ்பர். புது பாத்ரூம் கட்டினா ஒருவேளை இருப்பாளோன்னுதான் நான் சுவத்தையே உடைச்சேன்."

அப்பா கருவிப் பெட்டியைக் கீழே வைத்தார்.

"உன் பேச்சால யாரும் போகல," என்றார் பியார்க்கே. "அவ போனா. ஓட்டோ போனான். அப்புறம் நீயும் போயிட்ட. வேலிக்கு அந்தப் பக்கம் என்னத் திட்டறதுக்குக்கூட ஆள் இல்ல."

இப்போது சொல்லாவிட்டால் பிறகு சொல்லவே முடியாது என்று சிக்னேவுக்குத் தோன்றியது.

"ஓட்டோ எங்கிட்ட ஒண்ணு கேட்டான்," என்றாள். "'அப்பாவுக்கு நான் வேண்டாமா'ன்னு கேட்டான். நான் 'அப்படியெல்லாம் இல்ல'ன்னேன். உனக்கு எப்படித் தெரியும்னான். எனக்குப் பதில் சொல்லத் தெரியல. நீங்கதான் சொல்லணும்."

பியார்க்கே பின்னால் நகர்ந்து, நடைவழியில் நின்ற டாய்லெட் மேல், தன்னுடைய குல்லாவின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். வேறு நாளாக இருந்தால் அப்பா அதை வைத்து ஒரு மாதம் கேலி செய்திருப்பார். இன்று அவர் சிரிக்கவில்லை. பியார்க்கே இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

ஒரு பெரியவர் அப்படி அழுது சிக்னே பார்த்ததில்லை. தப்புச் செய்துவிட்டோமோ என்று அப்பாவைப் பார்த்தாள். அப்பா பக்கத்தில் போய்ப் பியார்க்கேயின் தோளில் கை வைத்தார். கையை எடுக்கவே இல்லை.

அழுகை கொஞ்சம் அடங்கியதும் சிக்னே சொன்னாள்: "பாத்ரூம் எங்க வீட்டுல இருக்கு. ஓட்டோ கட்டில் இங்க இருக்கு. நடுவுல ஒரு வேலிதானே? அவன் இங்க தூங்கட்டும், அங்க வந்து பல்லு தேய்க்கட்டும்."

"மழை பெஞ்சா?" என்றார் பியார்க்கே.

"குடை இருக்கே."

பியார்க்கே மூக்கைத் துடைத்துக்கொண்டார். அப்பா தொண்டையைச் செருமினார். "வேலில ஒரு ஆள் நுழையற அளவுக்கு வழி வெட்டிரலாம். ரம்பம் கொண்டாந்திருக்கேன்."

"நீயா?" பியார்க்கேயின் குரல் இன்னும் கரகரத்தது. "நீ வெட்டினா மொத்த வேலியும் போயிரும்."

"நீ வெட்டி முடிக்கறதுக்குள்ள ஓட்டோவுக்குக் கல்யாணமே ஆயிரும்."

இருவரும் சிரிக்கவில்லை. ஆனால் இருவரும் சேர்ந்து தோட்டத்துக்குப் போனார்கள். பழுப்பு இலைகள் ஒட்டிக்கொண்டிருந்த வேலியில், கோணல் மாணலாக ஒரு வழி பிறந்தது. அதன் பிறகு பியார்க்கே, கையெல்லாம் மரத்தூளோடு, ஆர்ஹூஸுக்குப் போன் செய்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஓட்டோ வந்தான். ஓடிப்போய் பாத்ரூம் வாசலில் நின்றான். உடைந்த சுவரைப் பார்த்தான். தரையில் இருந்த பள்ளத்தைப் பார்த்தான். பியார்க்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனுக்குப் பின்னால் நின்றார்.

"அப்பா, இத்தனையும் நீங்களே உடைச்சீங்களா?"

"ஆமாம்டா."

"சுத்தியலாலயா?"

"ஆமாம்."

"எனக்கு ஒண்ணாவது மிச்சம் வச்சிருக்கீங்களா?"

கதவுக்கு மேலே இரண்டு டைல்ஸ் பாக்கி இருந்தன. பியார்க்கே அவனைத் தோளில் தூக்கிக்கொள்ள, ஓட்டோ இரண்டையும் அடித்து நொறுக்கினான்.

இரண்டு நாளும் மழை விடவில்லை. ஒரே குடைக்குள் பியார்க்கேயும் ஓட்டோவும் வேலியைத் தாண்டி வருவதும் போவதுமாக இருந்தார்கள். சிக்னேவின் அப்பா கதவைத் திறந்துவிட்டு, "வாங்க வாங்க, செருப்பக் கழட்டிட்டு வாங்க, இது டைல்ஸ் போட்ட வீடு," என்பார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கத்ரினேயின் கார் வந்தது. ஓட்டோ ஏறிக்கொண்டான். கார் திரும்பி மறைந்த பிறகும் பியார்க்கே தெருவிலேயே நின்றார். குடையை விரிக்கக்கூட இல்லை. ஓட்டோ மறுபடி வர இனி இரண்டு வாரம் ஆகும். வீட்டுக்குள்ளே மறுபடி அந்த ஈர வாடை, அந்தப் பள்ளம், அந்த அமைதி.

சிக்னே தன் வீட்டு பாத்ரூமுக்குக் கை கழுவப் போனாள். கண்ணாடிக் குவளையில் அவர்கள் வீட்டுப் பல்துலக்கிகளோடு, பச்சை நிறத்தில் சின்னதாக ஒன்று நின்றது. அவள் அதை எடுத்துக்கொண்டு மழையில் ஓடினாள்.

"பியார்க்கே! இதப் பாருங்க!"

பியார்க்கே பார்த்தார். "அடடா, மறந்துட்டானே."

"மறக்கல," என்றாள் சிக்னே. "வச்சுட்டுப் போயிருக்கான்."

பியார்க்கே அதைக் கையில் வாங்கினார். வேலியைத் தாண்டி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அதை மறுபடி குவளையில் நிற்க வைத்தார்.