கட்டையில் இல்லாத சிவப்பு

சிவப்பு பெயின்ட் டப்பாவை ரயில் பெட்டியின் படியில் வைத்தவனும் அவன்தான், திரும்பும்போது அதை முழங்காலால் இடித்தவனும் அவன்தான். கீழே சக்கரம், தண்டவாளம் எல்லாம் சிவப்பாயின. ஷெட்டில் நிற்கும் அந்தப் பழைய பெட்டியைப் புதுப்பிக்கச் சம்பளமில்லாமல் வருகிறவர்களில், இருக்கிற வேலையைக் கூட்டிவிடுவதற்கென்றே வருகிறவன் என்று அவனுக்குப் பெயர். கூப்பிடுவதே ‘அவசரம்’ என்றுதான். அவன் அசடு வழியத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தது அவனுடைய அத்தான் மட்டும். மதியத்திலிருந்து தனியாகச் சக்கரங்களுக்குக் கறுப்பு அடித்து முடித்துத் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்த அவர், வயிறு குலுங்கச் சிரித்தார்.

மறுநாள் காலை யாரும் சிரிக்கவில்லை. மெக்கானிக் கைப்பிரேக்கைத் தளர்த்தியதும் பெட்டி உருண்டது. அடியில் படுத்திருந்த வெல்டரின் கால் நசுங்கிவிட்டது. சக்கரத்தைத் தடுத்திருக்க வேண்டிய மரக்கட்டை, சுவரோரம் பெஞ்சுக்கடியில் கிடந்தது.

அன்று மதியமே மெக்கானிக், அவசரத்தின் சித்தி வீட்டு வாசலில் நின்றார். காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துகளை விசாரித்தே தலை நரைத்தவள் சித்தி.

“நேத்து மதியம் கட்டையை வச்சுட்டுத்தாங்க வீட்டுக்குப் போனேன். மறந்துட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க. கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.”

கட்டையை வைத்தவர்தான் எடுக்க வேண்டும் என்பது ஷெட்டின் விதி. அந்த நம்பிக்கையில்தான் அவர் குனிந்து பார்க்கவில்லை. சாயங்காலம் கூட்டம் போட்டு அவரை விலக்கப்போகிறார்கள். அதைவிட, ஆஸ்பத்திரியில் வெல்டரின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான் அவரை அரித்தது. ‘வயசாச்சு, பாவம்’ என்று மற்றவர்கள் சொன்னபோது தானும் தலையாட்டியது, அங்கே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த அவசரத்துக்கு நினைவு வந்து, காபி கசந்தது.

ஷெட்டில் அவன் டார்ச் பிடித்தான். பித்தளைக் கைப்பிடிகளைத் திருட வந்தவன் செய்த சதி என்று விளக்கினான். சித்தி, “வெளிச்சத்தை நேரா பிடி,” என்றாள். யாரென்று தெரிந்துவிட்டதா என்று கேட்டான். கட்டையைப் புரட்டச் சொன்னாள். அவன் எது கேட்டாலும் பதிலுக்கு ஒரு வேலைதான் வந்தது. கட்டையையும் தண்டவாளத்தையும் பார்த்தவள், சக்கரத்தின் முன்னால்தான் வெகுநேரம் நின்றாள். பிறகு ஏனோ அவன் தோளில் கைவைத்தாள்.

சாயங்காலம் எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். மெக்கானிக் தள்ளி, கதவோரமாக.

“கட்டை மேல கறுப்புச் சொட்டு இருக்கு,” என்றாள் சித்தி. “சக்கரத்துக்குக் கறுப்பு அடிக்கும்போது கட்டை அதோட இடத்துலதான் இருந்திருக்கு. மெக்கானிக் மறக்கலை.”

யாரோ செருமினார்கள்.

“அப்புறம் நம்ம அவசரம் டப்பாவைக் கவுத்தான். கட்டை இருந்திருந்தா சிவப்பு அது மேலயும் விழுந்திருக்கும், தண்டவாளத்துல அந்த இடம் மட்டும் சுத்தமா இருந்திருக்கும். கட்டையில ஒரு பொட்டு சிவப்பு இல்லை. துடைச்சும் போகாத கறை தண்டவாளத்துல இடைவெளியே இல்லாம இருக்கு. இவன் கொட்டுறதுக்கு முன்னாலயே யாரோ கட்டையை எடுத்தாச்சு.”

வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் கைதவறல் ஒருவருக்கு உதவியதென்று அவசரம் நிமிர்ந்தான்.

“எதுக்கு எடுக்கணும்? சக்கரத்தைப் பாருங்க. கட்டை மறைக்கிற இடத்துலயும் கறுப்பு ஒரே சீரா இருக்கு. கட்டை இருந்தா அங்க தூரிகை போகாது.”

நிமிர்ந்தவன் அப்படியே நின்றுவிட்டான். கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவில் ஷெட்டில் இருந்தது ஒரே ஒருவர். அக்காவுக்குத் தாலி கட்டியவர். சித்தியைப் பார்த்தான்.

“நான் கேட்டா விசாரணை ஆயிடும்,” என்றாள் அவள் மெதுவாக. “நீ கேளு.”

அத்தானிடம் எதைக் கேட்டாலும் கேலிதான் பதிலாக வரும். இருந்தும் கேட்டான்.

“அத்தான், கட்டையை நீங்களா எடுத்தீங்க?”

அத்தான் வழக்கம்போல் சிரிக்க வாயெடுத்தார். கதவோரம் நின்றவரைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது.

“ஆமாம்டா. அழகா இருக்கணும்னு எடுத்தேன். நீ பெயின்டைக் கொட்டினதும் சிரிச்சேன் பாரு, அந்தச் சிரிப்புல திரும்ப வைக்க மறந்துட்டேன். காலையில தெரிஞ்சும் வாயைத் திறக்கலை.”